தடாகம் நிறம் மாறிய காரணம்

நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பயின்ற பண்பறி பகுப்பு, பரீட்சைக்கு அப்பால் எதற்கு உதவும் என்று மாணவர் பலர் வினவுவதுண்டு. அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றேன்.

கொழும்பை அடுத்த ஒரு பாடசாலையின் நீச்சல் தடாகம் குழாய்க் கிணற்று நீரால் நிரப்பப்பட்டது. நீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. குளோரின் இட்ட சில மணி நேரத்தில் அது தேயிலைச் சாயம் போலாயிற்று. தடாகத்தைப் பராமரிக்கும் முதியவர் மருந்தைத் தவறாக இட்டார் என நிருவாகத்தினர் முடிவு செய்தனர். அவருடைய வேலையே பறிபோகும் நிலை. அங்கு கற்பித்த நண்பரொருவர் என்னை அழைத்தார்.

இரண்டு வெண்ணிற வாளிகளை வருவித்தேன். ஒன்றிற் கிணற்று நீரும், மற்றொன்றில் நகரக் குழாய் நீரும் நிரப்பி, இரண்டிலும் சம அளவு குளோரின் இட்டோம். குழாய் நீர் தெளிவாகவே நின்றது. கிணற்று நீர் பழுப்பேறியது. நிருவாகத்தினர் அதனைக் கண்ணாரக் கண்டனர். முதியவர் மீதிருந்த பழி நீங்கியது.

காரணம் எளிது. நம் நாட்டின் தென்மேற்குப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இரும்பு மிகுதியாக உண்டு. கரைந்துள்ள இரும்புக்கு நிறம் தெரியாது. குளோரின் அதனை ஒட்சியேற்றியதும் துருவாகப் பிரியும். இலீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்பெனினும், 5 இலட்சம் இலீற்றர் கொண்ட தடாகத்தில் அது அரைக் கிலோகிராம் ஆகும்! மங்கனீசாயின் நீர் கருமை கலந்த பழுப்பாகும். தெளிவு குன்றாமல் நீலப்பச்சையாயின் செம்பை ஐயுறலாம். அமில நீர் செப்புக் குழாய்களை அரிப்பதாலோ, பாசிக்கெனத் துருசு இடுவதாலோ அது சேரும். கலங்கிய பச்சையோ பெரும்பாலும் பாசியே.

நீரின் பீ.எச். பெறுமானத்தை 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிறுத்திப் படிகாரம் இட்டோம். அடியிற் படிந்த துருவை உறிஞ்சி வெளியேற்றினோம். எஞ்சியதை மணல் வடிகட்டி தடுத்தது. சுவரிற் படிந்த கறையை அசுக்கோபிக்கமிலம் போக்கியது. வேட்டியின் துருக்கறைக்கு நம் தாய்மார் தேசிக்காய்ப் புளி தேய்ப்பதும் இவ்வகை வைத்தியமே. இப்போது அங்கு கிணற்று நீரைக் காற்றூட்டி வடித்த பின்னரே தடாகத்தில் விடுகின்றனர்.

இனந்தெரியாத உப்பொன்றைக் கையிற் தந்து, ஊகியாது சோதித்து எழுதப் பழக்கினர் நம் ஆசிரியர். உப்புக்கு மட்டுமன்று, ஒரு மனிதனைக் குற்றவாளி எனத் தீர்ப்பதற்கும் அந்நெறியே ஏற்றது. அதனைப் புகட்டிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!