கூப்பிடாத கிடங்கு

லண்டனின் வடமேற்கில் உறைமீன் கிடங்கு நடத்தும் யாழ்ப்பாணத்து வணிகர் ஒருவர் கொண்டுவந்த வழக்கு, முதலில் வெறும் காசுத் தகராறாகவே தெரிந்தது. மாலை வேளையில் மின்வலை நிறுவனம் கேட்கும்போது குளிரூட்டிகளை நிறுத்திவைத்தால் பணம் வரும் என்று ஓர் இடைத்தரகு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்திருந்தது. நெகிழ்வுச் சேவை என்பது இதுதான். தயாராக இருப்பதற்குச் சிறிய தொகை. உண்மையில் நிறுத்தினால் மெகாவாட்-மணிக்கு நல்ல விலை. தரகு நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒரு விண்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தாளிலே கூட்டிக் காட்டியிருக்கிறார். அதை நம்பி இவர் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் கடன் எடுத்துவிட்டார்.

"முழு விண்டரும் போயிட்டுது தம்பி. ஒருக்காக்கூடக் கூப்பிடேல்லை. பக்கத்தில பற்றரி வச்சிருக்கிறவனைத்தான் கூப்பிடுறாங்கள். இது பாகுபாடு இல்லையோ?"

மின்வலை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு, "அண்ணை, அவங்கள் கூப்பிடலாம் எண்டுதான் கிடக்கு, கூப்பிட வேணும் எண்டு இல்லை" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை: யாரை, எப்போது கூப்பிடுவது என்பதை அவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

தேடியதில் தெரிந்தது இது. முதல் முடிவு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே எடுக்கப்படுகிறது. ஒரு துணைமின்நிலையத்தில் இரண்டு மின்மாற்றிகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்றது சுமையைத் தாங்க வேண்டும் என்பது திட்டமிடல் விதி. மின்கார்களும் வெப்பப் பம்பிகளும் கூடக்கூட உச்சநேரச் சுமை ஒரே மின்மாற்றி தாங்கும் எல்லையைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் இரண்டு வழி: பெரிய மின்மாற்றி வாங்குவது, அல்லது அந்தச் செலவைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டு, அதுவரை சுமையைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது. எது மலிவு என்று பார்க்க பிரித்தானிய மின்வலை நிறுவனங்கள் பொதுவான கணக்கீட்டு முறை ஒன்றை வைத்திருக்கின்றன.

இரண்டாவது முடிவு அந்தந்த நாளுக்கு நெருக்கமாக வருகிறது. வானிலை, பராமரிப்புக்காக எந்த மின்மாற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது, மாலைச் சுமை எவ்வளவு என்ற கணிப்பு. குளிர் குறைந்த விண்டர் என்றால் தேவையே எழாமல் போகலாம். இங்கேதான் என் கட்சிக்காரருக்கு விளக்கச் சிரமப்பட்டேன். "ஒரு நாளும் கரண்ட் நிக்கேல்லையே, பிறகென்னத்துக்குப் பற்றரிக்காரனைக் கூப்பிட்டவங்கள்?" என்றார். நின்றுவிட்டதற்காக அல்ல, ஒரு மின்மாற்றி போனால் நின்றுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் போதும்போதே கேணியையும் நிரப்பி வைப்பது மாதிரி.

அந்த வட்டாரத்தில் தேவை எழுந்த மாலைகளிலும் எல்லோரையும் கூப்பிடுவதில்லை. யாரைக் குறைத்தால் அந்தக் குறிப்பிட்ட மின்மாற்றியின் சுமை உண்மையில் இறங்கும், யாருடைய விலை குறைவு என்ற வரிசை உண்டு. போதிய அளவு கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள்.

இந்த விலைகளைக் கேட்கும் ஏலத்தின் முடிவுகளை மின்வலை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அவற்றின் உரிமத்தின் 31E நிபந்தனைப்படி ஆண்டுதோறும் கொள்முதல் அறிக்கையும் தர வேண்டும். அந்தக் காகிதக் குவியலுக்குள்தான் எங்கள் வழக்கு கிடந்தது. தரகு நிறுவனம் என் கட்சிக்காரரின் கிடங்குக்கு மிக உயர்ந்த விலை கேட்டிருந்தது. பற்றரியும் ஒரு மின்கார்க் கூட்டமும் அதைவிட மிகக் குறைவாகக் கேட்டிருந்தன. ஆக, கிடங்கு வரிசையில் கடைசி. ஆனால் வருமானத் தாளிலே என்ன செய்திருந்தார்கள்? ஏல அறிவிப்பில் உத்தேசமாகக் குறிக்கப்பட்ட மொத்த மணிநேரத்தை அப்படியே எடுத்து, அந்த உயர்ந்த விலையால் பெருக்கியிருந்தார்கள். விலை உச்சத்தில் நிற்க, அழைப்பும் முழுமையாக வரும் என்று ஒரே தாளில் எழுதுவது, ஏலத்தில் தாங்கள் கேட்ட விலையைத் தாங்களே அறிந்தவர்களுக்கு அழகல்ல.

"அது வெறும் மதிப்பீடு" என்பதே தரகு நிறுவனத்தின் ஒரே பதில். இதற்கு ஆங்கிலச் சட்டத்தில் பழைய மருந்து உண்டு. 1976இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த எஸ்ஸோ எதிர் மார்டன் வழக்கு. ஒரு பெற்றோல் நிலையத்தில் மூன்றாம் ஆண்டளவில் ஆண்டுக்கு 200,000 கலன் விற்கும் என்று எஸ்ஸோவின் அனுபவசாலி ஒருவர் சொன்னார். பம்புகளைத் தெருப்பக்கம் வைக்க நகரத் திட்ட அதிகாரிகள் அதற்கு முன்பே மறுத்திருந்தார்கள். எஸ்ஸோ கணக்கைத் திருத்தவில்லை. முதல் 15 மாதத்தில் விற்றது 78,000 கலன். விசேட அறிவு உள்ளவர் சொல்லும் மதிப்பீட்டின் பின்னால், அதைக் கவனமாகத் தயாரித்தார் என்ற உறுதியும் நிற்கிறது என்றது நீதிமன்றம். இதனோடு 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டம், பிரிவு 2(1) சேர்ந்தால், சொன்னதை நம்பத் தகுந்த காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில் விழுகிறது.

மத்தியஸ்த நாளில் நான் அதிகம் வாதாடவில்லை. ஏல முடிவையும் வருமானத் தாளையும் அருகருகே வைத்து, இரண்டையும் தயாரித்தவர் ஒரே ஆள்தானா என்று மட்டும் கேட்டேன். அவர்களுடைய சட்டத்தரணி சற்று நேரம் வெளியே போய் வருகிறோம் என்றார். உடன்பாட்டின் தொகை இரகசியம். கருவிக் கடன் கணிசமாக இறங்கியது என்பதோடு விடுகிறேன்.

கையெழுத்திட்ட பிறகு படியில் இறங்கும்போது அவர் கேட்டார்: "அப்ப அடுத்த விண்டருக்கு நாங்களே விலையைக் குறைச்சுப் போட்டால் கூப்பிடுவாங்களோ, தம்பி?" குளிர் கடுமையாக இருந்தால் கூப்பிடலாம் என்றேன். மூன்று மாதத்துக்குள் புதிய ஒப்பந்தத்தோடு வந்து நின்றார்.