சமையல் பெரியப்பா வந்துபோன பிறகு

வடபழனியில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி அறை. சுவர்களில் கனத்த திரைச்சீலைகளும் ஒரு பழைய மெத்தையும் தொங்குகின்றன. பதிவு தொடங்கியதும் மின்விசிறி நின்றுவிடும். அதன் இரைச்சலைப் பிறகு கணினியில் துடைக்கலாம். ஆனால் அளவு மீறித் துடைத்தால் குரலும் சேர்ந்து தேய்ந்துபோகும். வியர்வையில் நனைந்தபடிதான் வாராவாரம் இங்கே ஒரு நகைச்சுவை பாட்காஸ்ட் உருவாகிறது.

பேசுகிறவர்கள் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கல்லூரி நாள் முதல் நண்பர்கள். வெட்டி ஒட்டித் தொகுப்பவர் அவர்களைவிட இளையவர். மூவரும் இப்போது ஒரே கேள்வியில் சிக்கியிருக்கிறார்கள்: அந்த எபிசோடுக்கு அடுத்து என்ன?

‘அந்த எபிசோடு’ என்றால் பேசுகிறவர்களில் ஒருவரின் பெரியப்பா வந்த எபிசோடு. அவர் கல்யாணச் சமையல் காண்டிராக்டர். மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் ஆள்கணக்கை அவர் நம்புவதில்லை. மண்டப வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த பந்திக்கு உலை வைப்பாராம். இதைக் கொஞ்சமும் சிரிக்காமல், தொழில் ரகசியமாகவே சொன்னார். அந்தத் துண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, முன்பின் அறியாதவர்களிடமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

பிறகு நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் வந்தார். மண்டப மேலாளர் வந்தார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: “செருப்புக் கதை மாதிரி ஒண்ணு சொல்லுங்க.” வந்தவர்கள் பதறிப்போய், எங்கோ கேட்ட துணுக்குகளைச் சொல்லத் தொடங்கினார்கள்.

“பெரியப்பா சிரிக்கவைக்க வரலைங்க. அவர் தொழிலைச் சொல்ல வந்தார். நாங்கதான் அதை மறந்துட்டோம்” என்கிறார் அந்தப் பெண்.

பாட்காஸ்டின் ஆரம்ப காலத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. பிரிட்டனின் ரிக்கி ஜெர்வைஸ் ஷோ 2005 டிசம்பரில் தொடங்கியது. முதல் மாதத்தில் எபிசோடுக்குச் சராசரியாக 2,61,670 பதிவிறக்கங்கள் என்று கின்னஸ் சாதனையும் பெற்றது. அதில் பலரும் விரும்பிக் கேட்டது கார்ல் பில்கிங்டனை. அவர் நகைச்சுவை நடிகர் அல்ல. அந்தக் குழு வானொலியில் இருந்த காலத்தில் அவர்களின் தயாரிப்பாளர். தனக்குத் தோன்றியதை முழு நம்பிக்கையோடு பேசுவார். சிரிப்பு தானாக வரும்.

தொகுப்பவர் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். ஆளுக்கொரு மைக், ஒவ்வொன்றுக்கும் தனித் தடம். பதிவின் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல். தடங்களை ஒன்றுக்கொன்று பொருத்த அதுதான் அடையாளம். ஒருவர் சிரித்தால் அடுத்தவர் மைக்கிலும் அது விழும் என்பதால், சிரிப்புக்கு நடுவே வெட்டுவது கடினம். யாரும் பேசாத அறையின் ஒலியையும் அரை நிமிடம் எடுத்து வைத்துக்கொள்கிறார்; வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அது உதவும்.

பெரியப்பா பதில் சொல்லுமுன் யோசித்த இடங்கள் திரையில் தட்டைக் கோடுகளாகத் தெரிந்தன. அவற்றைத் தொகுப்பவர் தொடவில்லை. நாதஸ்வரக் கலைஞர் பேசியதில் அப்படிப்பட்ட மௌனங்களை எல்லாம் வெட்டிவிட்டார். கேட்கிறவர்கள் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்று செயலிகள் வரைபடம் காட்டுகின்றன அல்லவா, அதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். “வேகமா போனா கேப்பாங்கன்னு நெனச்சேண்ணா.” வெட்டியதையும் வெட்டாததையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். வெட்டியதில் மனிதர் மனப்பாடம் ஒப்பிக்கிறார். வெட்டாததில் அவர் நினைவுகூர்வது நமக்குக் கேட்கிறது. இத்தனை நுணுக்கமான வேலைக்கு எபிசோடின் கடைசியில் ஒரு பெயரறிவிப்புதான் கிடைக்கிறது. இன்னும் உரக்கப் பாராட்டப்பட வேண்டிய உழைப்பு இது.

பெரிய எபிசோடு வந்துபோன பிறகும் வேலை நிற்காது. லாஸ் ஏஞ்சலஸில் மார்க் மரோன் தன் வீட்டு கராஜில் ஒலிப்பதிவு செய்துவந்த நிகழ்ச்சிக்கு, 2015 ஜூனில் பதவியில் இருந்த அதிபர் ஒபாமாவே வந்தார். அதற்குமேல் யாரை அழைப்பது? அடுத்த எபிசோடில் மரோனும் தயாரிப்பாளர் பிரெண்டன் மெக்டொனால்டும் உட்கார்ந்து, அந்த வருகை எப்படி நடந்தது என்பதையே பேசினார்கள். பிறகு வழக்கம்போல வாரம் இரண்டு எபிசோடு. 2025 அக்டோபர் வரை நிகழ்ச்சி ஓடியது.

நம் சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனுக்கு ஒரு வாரம்கூட இடைவெளி இருந்ததில்லை. ‘இன்று ஒரு தகவல்’ தினமும் காலையில் வரும். நேற்றைய தகவலை ஊரே பேசினாலும் விடிந்தால் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். ஆர்ப்பாட்டமில்லாத குரலில் ஒரு சிரிப்புக்கதையோடு முடிப்பார்.

நான் போன அன்று மாடியறைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்திருந்தார். கேள்வித்தாளில் “சிரிப்பான சம்பவம்” என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக, எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பழுது, சாவியில்லாத வாட்ச்மேனை எப்படிச் சமாளிப்பது என்று வேலையைப் பற்றிய கேள்விகள். அவரும் நிதானமாக விளக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி யோசித்தார். யாரும் குறுக்கே பேசவில்லை.

“ரெண்டு வருஷமா பேசாத ரெண்டு வீட்டுக்காரங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. நான் போய்க் கதவைத் திறக்குறேன். ‘பத்து நிமிஷம் கழிச்சு வாங்க, மெயின்டனன்ஸ் கணக்கு பேசிட்டிருக்கோம்’னாங்க. சரின்னு மூடிட்டு வெளிய நின்னேன்.”

மூன்று மைக்கிலும் சிரிப்பு விழுந்தது. தொகுப்பவர் நோட்டில் நேரத்தைக் குறித்து, அவர் யோசித்த இடத்துக்கு நேரே ‘வெட்டாதே’ என்று எழுதிக்கொண்டார்.