ஆவணி மூலமும் ஆபீஸ் காலண்டரும்

குதிரைகள் ஆவணி மூலத்தன்று வந்து சேரும் என்று பாண்டிய மன்னனுக்குத் தேதி சொன்னவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கக் கொண்டுபோன பணமோ திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவாகிவிட்டது. சொன்ன நாளில் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்தவர் ஈசன். இரவில் அவை மறுபடி நரிகளானபோது, வைகைச் சுடுமணலில் நிறுத்தப்பட்டவர் தேதி சொன்னவர்தான் என்கிறது திருவிளையாடல் கதை.

அவர் பிறந்த ஊர் மேலூர் பக்கத்திலுள்ள திருவாதவூர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி, மதுரை இலந்தைக்குளம் ஐ.டி பூங்காவுக்கு வேலைக்குப் போகிறார் 26 வயதுப் பெண் ஒருவர். அவர் வேலையும் அடுத்தவருக்காக நாள் குறிப்பதுதான். ஆறு பேருடைய ஆபீஸ் காலண்டர்கள் அவர் கையில். யாருக்கு எப்போது மீட்டிங் என்று முடிவு செய்வது அவர்தான்.

கேட்க லேசான வேலை. ஆனால், மீட்டிங்குக்கு ஆள் வராவிட்டால் முதல் போன் அவருக்குத்தான் வரும்.

காலண்டரைப் பகிர்வதில் படிகள் உண்டு. கூகுள் காலண்டரில், ஒருவர் பிஸியா இல்லையா என்று மட்டும் பார்க்கவிடலாம். எல்லா விவரத்தையும் பார்க்கவிடலாம். திருத்தும் உரிமையே தரலாம். அந்த உரிமை வாங்கியவருக்கு, 'பிரைவேட்' என்று குறித்தவையும் தெரியும். அவுட்லுக்கில், நமக்காகக் காலண்டரைக் கவனிப்பவருக்கு நாமே அனுமதித்தால் மட்டும்தான் அவை தெரியும்.

பலருக்கு இது தெரியாது. அதனால் அந்தப் பெண்ணுக்குப் பல விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. ஒருவருக்கு வக்கீலைப் பார்க்கும் நேரம். இன்னொருவர் வேறு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும் நேரம். ஓர் அக்காவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் அம்மாவின் டயாலிசிஸ்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நேரத்திலேயே அவசர மீட்டிங் வேண்டும் என்றார் மேனேஜர். ''ஏம்மா, அந்தப் பொண்ணு அப்படி என்ன பிஸி? திறந்து பார்த்துச் சொல்லும்மா'' என்றார்.

''அந்த நேரம் முடியாதுன்னு போட்டிருக்காங்க சார். நாலரைக்கு எல்லாருமே ஃப்ரீ. வெச்சிடட்டுமா?''

காரணத்தை அவர் சொல்லவில்லை. மேனேஜரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நாலரைக்கு மீட்டிங் நடந்தது. மறுநாளே அந்த அக்காவிடம் தனியாகப் போய், ''அக்கா, தலைப்புல விவரம் எழுதாதீங்க. 'பிஸி'ன்னு மட்டும் போடுங்க, போதும்'' என்றார். அக்கா ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, வரிசையாகத் திருத்த ஆரம்பித்தார்.

இன்னொரு சிக்கல் கடல் தாண்டி வருகிறது. நமக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம். அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாவது ஞாயிறில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறில் பின்னே இழுப்பார்கள். நியூயார்க்கில் காலை 11 மணி மீட்டிங் கோடையில் இங்கே இரவு 8.30, நவம்பரில் அதுவே 9.30. யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால், கடைசி பஸ்ஸை நம்பியிருப்பவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிது. அதனால் அக்டோபரிலேயே நியூயார்க் டீமுக்கு எழுதி, மீட்டிங்கை அங்கே 10 மணிக்கு மாற்றிவிடுகிறார் அவர். இங்கே அதே 8.30 நிலைக்கிறது.

ராகு காலம், எமகண்டம், மாமனுக்கு லீவு கிடைக்கும் நாள், மண்டபம் கிடைக்கும் நாள் என்று எல்லாம் பார்த்துக் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிற வீடுகள் நம்முடையவை. யாரையும் கேட்காமல் முகூர்த்தம் குறித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆபீஸ் காலண்டரில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தால், உடனே அதில் மீட்டிங்கைப் போட்டுவிடுகிறோம்.

வெள்ளைக் கட்டம் என்றால் அந்த ஆள் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. மதியச் சாப்பாட்டை யாரும் காலண்டரில் எழுதிவைப்பதில்லை. அடுத்த முறை மீட்டிங் போடும் முன், 'இந்த நேரம் உங்களுக்குச் சரிவருமா?' என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். உங்கள் காலண்டர் யார் யாருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதையும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.