பக்கத்து போர்ட்டில் யார்?

நெட்வொர்க் வரைபடத்தை எவ்வளவு அக்கறையாக வரைந்து ஒட்டினாலும், யாரோ அவசரத்தில் ஒரு பேட்ச் கேபிளை இடம் மாற்றும்வரைதான் அது உண்மை. அதனால் புதிய ஸ்விட்சை ரேக்கில் ஏற்றியதும் விலான் வேலைக்கு முன்பே எல்எல்டிபியை (லிங்க் லேயர் டிஸ்கவரி புரோட்டகால்) பார்த்துவிடுவது என் வழக்கம். கேபிளின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதை அந்த ஸ்விட்சே சொல்லிவிடும். இதை ஒழுங்காக அமைத்து வைத்த கட்டடத்தில், நள்ளிரவில் பழுது பார்க்க வருகிறவர் டார்ச்சோடு ரேக்குக்குப் பின்னால் நுழைந்து ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

*

ஒவ்வொரு போர்ட்டும் 30 விநாடிக்கு ஒருமுறை தன்னைப் பற்றிய சிறிய ஃப்ரேம் ஒன்றை அனுப்புகிறது. எந்தப் பெட்டி, அதில் எந்த போர்ட், இந்தத் தகவல் எத்தனை விநாடி செல்லும்: இந்த மூன்றும் கட்டாயம். பெட்டியின் பெயர், மென்பொருள் பதிப்பு, நிர்வாக ஐபி முகவரி, போர்ட் விவரம் எல்லாம் நம் விருப்பம். இடைவெளியை 4-ஆல் பெருக்கினால் வருவதே தகவல் செல்லும் காலம். 120 விநாடிக்குள் புதிதாக ஒன்றும் வராவிட்டால் கேட்ட ஸ்விட்ச் அந்தப் பெயரைத் தன் நெய்பர் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இந்த இரண்டு எண்களையும் மாற்ற எனக்கு இதுவரை நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

*

இதன் அழகு, அது சேரும் முகவரியில் இருக்கிறது. 01-80-சி2 என்று தொடங்கி 0இ என்று முடியும் அந்த மல்ட்டிகாஸ்ட் முகவரிக்கு வரும் ஃப்ரேமை, தரத்துக்குக் கட்டுப்பட்ட எந்த ஸ்விட்சும் அடுத்த போர்ட்டுக்குக் கடத்தக் கூடாது. வாங்கியவரோடு அது முடிந்துவிடும். ஆகவே நெய்பர் பட்டியலில் ஒரு பெயர் தெரிந்தால், நடுவில் வேறு மேனேஜ்டு ஸ்விட்ச் இல்லை, அந்தக் கேபிளின் மறுமுனையே அதுதான் என்று நம்பலாம். ஸ்பானிங் ட்ரீ அடைத்து வைத்திருக்கும் போர்ட்டிலும் இந்த ஃப்ரேம் போகும், வரும். மாற்றுப் பாதையாகக் கிடக்கும் லிங்க் உண்மையிலேயே எங்கே போய்ச் சேருகிறது என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை.

இதே காரணத்தால், ஒரே போர்ட்டில் இரண்டு மூன்று பெயர்கள் தெரிந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். விதியைப் பற்றிக் கவலைப்படாத மலிவான அன்மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று நடுவில் உட்கார்ந்து, வந்ததை எல்லாம் அப்படியே எல்லாப் பக்கமும் அனுப்பிக்கொண்டிருக்கும். மேசைக்கு அடியில், பொய்க்கூரைக்கு மேல், மீட்டிங் அறையின் டிவிக்குப் பின்னால் என்று வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

*

2005-ல் எல்எல்டிபிக்கான 802.1ஏபி என்ற தரம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி மொழி. சிஸ்கோ 1994-லேயே சிடிபியை உருவாக்கிவிட்டது. எக்ஸ்ட்ரீமுக்கு இடிபி, ஃபவுண்ட்ரிக்கு எஃப்டிபி. பல கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளில் இன்றும் சிடிபி தானாகவே ஓடும்; எல்எல்டிபியை ‘எல்எல்டிபி ரன்’ என்று கட்டளை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். இரண்டும் ஒரே போர்ட்டில் சண்டையில்லாமல் ஓடும். பல நிறுவனங்களின் பெட்டிகள் கலந்திருக்கும் இடத்தில் எல்எல்டிபி எல்லா இடத்திலும் இருக்கட்டும். சிஸ்கோவுக்கும் சிஸ்கோவுக்கும் நடுவில் சிடிபியையும் விட்டுவைப்பேன். ட்ரங்க்கின் இரு முனையிலும் நேட்டிவ் விலான் வேறுபட்டால் லாகில் எச்சரிக்கை எழுதுவது அதுதான்.

*

முழு ஸ்விட்சுக்கும் ஒரே கட்டளை போட்டுவிட்டு எழுந்து போவது போதாது. போர்ட் போர்ட்டாக முடிவெடுக்க வேண்டிய அமைப்பு இது. அனுப்புவது வேறு, கேட்பது வேறு. சிஸ்கோவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘எல்எல்டிபி டிரான்ஸ்மிட்’, ‘எல்எல்டிபி ரிசீவ்’ என்று இரண்டு தனிக் கட்டளைகள். புரோகர்வ் வழியில் வந்த ஸ்விட்சுகளில் ‘அட்மின்-ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே அமைப்பில் இரண்டும், அனுப்ப மட்டும், கேட்க மட்டும், எதுவும் வேண்டாம் என நான்கு நிலை.

ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான அப்லிங்க்கில் இரண்டும் ஓட வேண்டும், தயக்கமே வேண்டாம். இணைய சேவை நிறுவனத்தின் பெட்டி வந்து சேரும் போர்ட்டில் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். நம் ஸ்விட்சின் பெயர், மாடல், மென்பொருள் பதிப்பு, நிர்வாக முகவரி இவை எதுவும் வெளியாளுக்குத் தேவையில்லை. ஒரு பதிப்பு எண் தெரிந்தால் அதில் திறந்து கிடக்கும் ஓட்டைகளின் பட்டியலும் தெரிந்துவிடும். அங்கே கேட்பதை மட்டும் வைத்துக்கொள்வேன். எதிர்முனைப் பெட்டியை அவர்கள் மாற்றினால் சில நேரம் முதல் தகவல் அதில்தான் வரும்.

கேட்பதிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் சிஸ்கோ கருவிகளின் சிடிபி பகுதியில் ஐந்து குறைகளை வெளியிட்டது. தீய எண்ணத்தோடு செய்த ஒரு ஃப்ரேம் போதும், பெட்டி கவிழ்ந்துவிடும் அல்லது கைமாறிவிடும் என்ற அளவுக்கு அவற்றில் சில கடுமை. அதனால் வெளியார் தொடக்கூடிய போர்ட்டில் சிடிபியை முழுக்க அணைத்துவிடுகிறேன். வரவேற்பறை, காத்திருக்கும் கூடம், விருந்தினர் மேசை, இங்கெல்லாம் சுவரில் இருக்கும் சாக்கெட்டுகளில் எல்எல்டிபி அனுப்புவதும் கூடாது.

*

“பாதுகாப்புக்காக எல்லா ஆக்சஸ் போர்ட்டிலும் எல்எல்டிபியை அணைத்துவிடுங்கள்” என்று ஒரு தணிக்கை அறிக்கை சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஐபி போன்கள் எந்த வழியாக விலானை அறிந்துகொள்கின்றன?

2006-ல் வந்த எல்எல்டிபி-மெட் என்ற விரிவாக்கம் இதற்குத்தான். போனைச் சொருகியதும் ஸ்விட்ச் அதற்குக் குரல் விலானின் எண்ணையும் குரல் பாக்கெட்டுக்குத் தர வேண்டிய முன்னுரிமையையும் சொல்கிறது. வழக்கமாக டிஎஸ்சிபி 46. மெட் பேசும் கருவி தெரிந்த உடனே ஸ்விட்ச் 30 விநாடி காத்திருக்காமல் அடுத்தடுத்துச் சில ஃப்ரேம்களை வேகமாக அனுப்பும், போன் எழுந்து நிற்கத் தாமதம் ஆகக் கூடாதென்று. இதை அணைத்தால், விலான் எண்ணைக் கையாலோ வேறு வழியிலோ பெறாத போன்கள் எல்லாம் கணினிகளின் விலானுக்குப் போய் விழும். பதிவாகாது, அல்லது பதிவாகி குரல் உடையும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்எல்டிபியில் அடையாளச் சோதனை கிடையாது. ஒரு லேப்டாப் “நான் போன்” என்று சொன்னால் ஸ்விட்ச் நம்பிவிடும். அதனால் குரல் விலானை ஒரு பாதுகாப்பு வேலியாக யாரும் கருதக் கூடாது. போன் சர்வருக்கு மட்டும் வழிவிடும் ஏசிஎல் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

*

மின்சாரம். பிஓஇ-யில் கருவியின் வகுப்பை ஸ்விட்ச் முதலில் அது இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தே கணிக்கும். அது பொத்தாம்பொதுவான கணக்கு. எல்எல்டிபி வழியாகக் கருவி 0.1 வாட் துல்லியத்தில் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம். 802.3ஏஎஃப் காலத்து 15.4 வாட் போதாத வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகள் இன்று ஏராளம். கேட்டது கிடைக்காவிட்டால் சில மாடல்கள் ஒரு ரேடியோவை அணைத்தோ வேகத்தைக் குறைத்தோ ஓடும். “வைஃபை வருது, ஆனா மெதுவா இருக்கு” என்ற புகாருக்கு ஆன்டெனாவைப் பார்க்கும் முன்பு அந்த போர்ட்டில் எல்எல்டிபி ஓடுகிறதா, எத்தனை வாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

*

சர்வர்களையும் பேச வைக்க வேண்டும். லினக்ஸில் எல்எல்டிபிடி நிறுவினால் போதும். எந்த சர்வரின் எந்த கார்டு எந்த போர்ட்டில் என்பது ஸ்விட்சிலேயே தெரியும். எல்ஏசிபி போட்டு இரண்டு போர்ட்டைக் கட்டியிருந்தாலும் எல்எல்டிபி தனித்தனிக் கேபிளின் மேல்தான் பேசும். கேபிள் மாறிக் கிடந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்டெல் எக்ஸ்710 கார்டு இருக்கும் சர்வரில் எதுவுமே தெரியாவிட்டால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கார்டின் ஃபர்ம்வேருக்குள் தனியாக ஓர் எல்எல்டிபி ஏஜென்ட் உண்டு. வரும் ஃப்ரேம்களை அது தானே எடுத்துக்கொள்வதால் இயங்குதளம் வரை வருவதில்லை. ஈத்டூலில் ‘டிசேபிள்-எஃப்டபிள்யூ-எல்எல்டிபி’ என்ற கொடியை ஆன் செய்தால் வரத் தொடங்கும்.

*

எல்எல்டிபி நாம் எழுதியதைத்தான் சொல்லும். எல்லா ஸ்விட்சுக்கும் பெட்டியோடு வந்த பெயரே இருந்தால் பட்டியல் முழுக்க ஒரே பெயர் வரிசை, யாருக்கும் உதவாது. கட்டடம், தளம், ரேக் மூன்றும் பெயரில் இருக்கட்டும். போர்ட் ஐடி மேக் முகவரியாகப் போகிறதா, இன்டர்ஃபேஸ் பெயராகப் போகிறதா என்று பாருங்கள். தேர்ந்தெடுக்க முடிந்தால் இன்டர்ஃபேஸ் பெயர்தான் மனிதர் படிக்க ஏற்றது. லிப்ரெஎன்எம்எஸ் போன்ற மென்பொருள் இந்தப் பட்டியல்களை எஸ்என்எம்பி வழியாகத் திரட்டிக் கட்டடம் முழுவதற்கும் வரைபடம் போட்டுத் தரும்.

*

மீடியா கன்வெர்ட்டர் வைத்த ஃபைபர் லிங்க்குக்கு ஒரு குறிப்பு. கன்வெர்ட்டருக்கு அப்பால் ஃபைபர் அறுந்தாலும் சில மாடல்களில் நம் பக்கம் போர்ட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் நெய்பர் பட்டியலிலிருந்து எதிர்முனை மறைந்துவிடும். ஒரு பக்கம் பெயர் தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால், இரு முனையிலும் அனுப்புவதும் கேட்பதும் ஓடுகின்றன என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு இழையில் ஒன்றைச் சோதிக்கலாம்: பெயர் தெரியாத பக்கம் ஒளியை வாங்கும் இழையை.