இருட்டை அளந்து வாங்குதல்

ஒளிப்பட ஆர்வலர்கள் கூடுமிடத்தில் இப்போது மலிவு விலைச் சீன லென்ஸ்களைப் பற்றிப் பேசாமல் எழுவதில்லை. டிடிஆர்டிசன், செவன் ஆர்டிசன்ஸ், மெய்க்கே என்னும் பெயர்கள் நமக்குப் பழகிவிட்டன. இவற்றின் கைக்குவிய லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. வளையத்தைக் கையால் திருகித்தான் காட்சியைத் தெளிவாக்க வேண்டும். அதனாலேயே எஃப்/1.2, எஃப்/1.4 போன்ற அகன்ற ஒளித்துளைகள், தானியங்கி லென்ஸ் விலையின் ஒரு சிறு பங்கிற்குக் கிடைக்கின்றன. அந்த எண்ணில் மயங்குவோர் பலர்.

எண் சொல்வது எளிய வகுத்தல்தான். குவியத் தூரத்தை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; எஃப்/1.2 என்றால் ஏறத்தாழ 42 மி.மீ. பின்னது இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான ஒளியை உள்ளே விடும். அவ்வளவு ஒளி நமக்கு வேண்டுமா என்பதை அந்த எண் சொல்லாது.

என் மாணவர் ஒருவர், காசிமேட்டுக்காரர், திருமண ஒளிப்படக்காரரிடம் உதவியாளராக இருந்து சேர்த்த பணத்தில் 50 மி.மீ. எஃப்/1.2 வாங்க எண்ணியிருந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் நடக்கும் ஏலத்தில் அவருடைய தாயார் மீன் எடுத்து விற்பவர். அவரை அந்த வேளையில், அந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "1.2ன்னா இருட்டே தெரியாதாமே, ஐயா?" என்றார்.

இருட்டை முதலில் அளந்து வாருங்கள் என்றேன். கேமராவுடன் வந்த லென்ஸே அதற்குப் போதும். அதை 35 மி.மீ.யில் வைத்து, துளையை முழுதும் திறந்து, ஐஎஸ்ஓவை 3200-இல் நிறுத்தி, ஏலக் கூடத்து விளக்கின் கீழ் ஷட்டர் வேகத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் குறித்து வந்தது எஃப்/4.5-இல் 1/30 நொடி. நடமாடும் மனிதர்கள் கலங்காமல் பதிய 1/125 வேண்டும். அதாவது நான்கு மடங்கு ஒளி. எஃப்/2.2 இருந்தாலே அது கிடைத்துவிடும். எஃப்/1.4 என்பது தாராளம், எஃப்/1.2 என்பது பெயருக்குத்தான்.

அடுத்தது தெளிவின் ஆழம். ஏபிஎஸ்-சி உணரி கொண்ட கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.2 லென்ஸை இரண்டு மீட்டரில் குவித்தால், தெளிவாக இருக்கும் பகுதி எட்டு சென்டிமீட்டர் அளவே. பனிக்கட்டியும் கூடையும் சுமந்து இடித்துக்கொண்டு செல்லும் கூட்டத்தில், அந்த எட்டு சென்டிமீட்டருக்குள் ஒரு முகத்தைக் கையால் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. 35 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் வைத்தால் அதே தூரத்தில் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் கிடைக்கும். கைக்குவியத்தில் இந்த வேறுபாடே படத்தைத் தீர்மானிக்கிறது.

வாங்கியபின், திருப்பித் தரும் கெடு முடியுமுன் செய்யவேண்டிய சோதனைகளுக்கு வடசென்னை மிக வசதியான ஊர். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை நேராக நின்று எடுத்தால், கோடுகள் வளைகின்றனவா என்பது தெரியும். ஒரு செங்கல் சுவரை இணையாக நின்று, துளையை முழுதும் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மூலைகள் எல்லாம் ஒரே அளவில் மங்கினால் அது இந்த விலைக்கு இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, திருப்பி அனுப்பலாம். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் தெளிவாகப் பதிந்தால் முடிவிலிக் குவியம் சரி. இரவில் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து அனல்மின் நிலைய விளக்குகளை எடுத்தால், ஓரத்துப் புள்ளிகள் சிறகு முளைத்தாற்போல் விரிகின்றனவா என்று காணலாம். சட்டத்திற்குள் ஒரு விளக்கு நுழைந்ததும் படம் முழுதும் வெளிறினால், ஏலக் கூடத்திற்கு அந்த லென்ஸ் உதவாது.

பழைய லென்ஸ்களைத் தேடுவோரும் உண்டு. சோவியத் ஹீலியோஸ் 44, 58 மி.மீ. எஃப்/2, அவர்களுக்குப் பிரியமானது. நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. கண்ணாடிக்குள் பூஞ்சை படர அதிக காலம் வேண்டாம். டார்ச் ஒளியைப் பின்புறமிருந்து செலுத்திப் பார்த்தால் சிலந்தி நூல்போல் அது தெரியும். துளையின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தூசி இரண்டொரு துகள் இருந்தால் பாதகமில்லை. பூஞ்சையானால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மாணவர் கடைசியில் வாங்கியது 35 மி.மீ. எஃப்/1.4. மிச்சப் பணத்தில் கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்த அந்நாட்களில், படகின் பெயரெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் குவியம் வைக்கக் கை பழகிக்கொண்டார். தடை நீங்கிய வாரத்தில் தாயாரை எடுத்தார். ஒன்றரை மீட்டர் தூரம், துளை முழுத் திறப்பு. கண்கள் கூர்மை, மற்றதெல்லாம் பனிமூட்டம்.

படத்தைப் பார்த்த அந்த அம்மா கேட்டாராம்: "என் மூஞ்சி கெடக்கட்டும், கூடையில இருக்குற மீனு என்னாடா ஆச்சு?"

மறுநாள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, எஃப்/4-க்குத் துளையைக் குறுக்கி, ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி, அவர் அசையாது நின்றதால் 1/80 நொடியில் எடுத்தார். படத்தில் சற்று மணல் உண்டு. வஞ்சிரமும் தெரிகிறது, அம்மாவும் தெரிகிறார்.