ஓரத்தில்தான் உயிர்

கோவை கணபதியில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து. அதில் குறுகலான படியேறிப் போனால் வயரிங் மேசை. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி ஷெட்டுகளுக்கான கணக்குப் பெட்டியை இங்கே செய்கிறார்கள். எந்தத் தறி எத்தனை சுற்று ஓடியது, எப்போது நின்றது, ஷெட் எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்பதையெல்லாம் அந்தப் பெட்டி ஷிப்டு வாரியாகச் சொல்லும். நான் போன அன்று ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஏடிஎம் கார்டின் நீள அகலத்தில் ஒரு பச்சை போர்டு. ராஸ்ப்பெர்ரி பை 4 என்னும் குட்டிக் கம்ப்யூட்டர்.

"இதோட வேகம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அதைத்தான் சார் கேக்கறாங்க. 1.5 ஜிகாஹெர்ட்ஸ், நாலு கோர். எங்க வேலைக்கு அதுல பத்துல ஒரு பங்கு போதுமுங்க. நாங்க பாக்கறது இதைத்தான்" என்று பட்டறைக்காரர் போர்டின் ஓரத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அந்தக் கோட்டிலேயே நானும் சுற்றி வந்தேன். கீழ் ஓரத்தில் மின்சாரம் நுழையும் யூஎஸ்பி-சி. 5 வோல்ட், 3 ஆம்பியர் கேட்கும். பக்கத்தில் திரைக்காக இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ. வலது ஓரத்தில் ஈதர்நெட்டும், நீல நாக்குள்ள இரண்டு யூஎஸ்பி 3 துளைகளும், கறுப்பு நாக்குள்ள இரண்டு யூஎஸ்பி 2 துளைகளும். கேமராவுக்கும் தொடுதிரைக்கும் பட்டை கேபிள் சொருகும் இரண்டு மெல்லிய வாய்கள். வீட்டில் இதைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள்பவருக்கு எல்லாமே வேண்டும். தறி ஷெட்டில் பெட்டியை மூடிய பிறகு திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அங்கே பிழைப்பு முழுவதும் மேல் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்களில்தான்.

2012-இல் முதல் ராஸ்ப்பெர்ரி பை வந்தபோது 26 பின்கள் இருந்தன. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலில் 40 ஆயின. அன்றிலிருந்து அந்த அமைப்பு மாறவில்லை. இரண்டு பின்கள் 5 வோல்ட், இரண்டு 3.3 வோல்ட், எட்டு கிரவுண்டு. மீதி 28. அதிலும் இரண்டு, மேலே பொருத்தும் துணை போர்டை அடையாளம் காண்பதற்கு ஒதுக்கப்பட்டவை. நம் கைக்கு மிஞ்சுவது 26. ஒவ்வொன்றையும் உள்ளே கேட்கும் காதாகவும் வைத்துக்கொள்ளலாம், வெளியே பேசும் வாயாகவும் வைத்துக்கொள்ளலாம். எது எது என்று முடிவு செய்வது நாம் எழுதும் புரோகிராம்.

ஆனால் அந்தக் காதுக்கு ஒரு எல்லை உண்டு. 3.3 வோல்ட்டுக்குமேல் தாங்காது. 5 வோல்ட் கொடுத்தாலே சிப் சேதமாகலாம். தறியில் மாட்டும் சென்சாரோ 24 வோல்ட்டில் ஓடுவது.

பட்டறைக்காரர் ஒரு பிராக்சிமிட்டி சென்சாரை என் கையில் கொடுத்தார். பித்தளை போல்ட் மாதிரி இருந்தது. பின்னால் மூன்று வயர்கள். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு செய்தி. அதன் முகத்துக்கு எதிரே ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோகச் சொன்னார். சில மில்லிமீட்டர் தூரத்தில் நெருங்கியதும் சென்சாரின் முதுகில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. மேசைத் திரையில் 0 என்பது 1 ஆனது. எடுத்துவிட்டு மறுபடி காட்டினேன், 2. தறியின் தண்டில் ஒரு இரும்புத் துண்டு சுற்றிவந்து இதே வேலையைச் செய்யும். ஒரு சுற்று, ஒரு ஊடை இழை. நெசவாளியின் கூலிக் கணக்கே அந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது.

24 வோல்ட் எப்படி 3.3 ஆனது? இடையில் நான்கு கால்களோடு, புளியங்கொட்டையில் பாதி அளவில் ஒரு கறுப்புச் சில்லு உட்கார்ந்திருந்தது. ஆப்டோகப்ளர். அதற்குள் ஒரு பக்கம் குட்டி எல்இடி, மறுபக்கம் வெளிச்சம் பட்டால் திறக்கும் டிரான்சிஸ்டர். தறிப்பக்க மின்சாரம் எல்இடியை எரிப்பதோடு நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது வெளிச்சம் மட்டும். வயரே தொடாமல் செய்தி கடந்துவிடுகிறது. மோட்டார் ஆன் ஆகும்போது கிளம்பும் மின் உதைப்பு போர்டுவரை வராமல் காப்பது இந்தச் சில்லுதான்.

இன்னொன்றும் காட்டினார். எதனோடும் சேராத ஒரு வயரை வேறொரு பின்னில் சொருகி, என்னைத் தொடச் சொன்னார். தொட்டதும் அந்தப் பின்னுக்கான எண்ணிக்கை தறிகெட்டு ஓடியது. மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் தொங்கும் பின், காற்றில் உள்ள மின் இரைச்சலையெல்லாம் செய்தி என்று நம்பிவிடும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை 3.3 வோல்ட்டோடு கட்டியதும் அடங்கியது. "மாட்டுக்குத் தும்பு மாதிரிங்க. கட்டாம விட்டா மேயப் போயிடும்" என்றார்.

வெளியே பேசும் பக்கத்திலும் அளவு உண்டு. ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கக் கூடாது. தறி நின்றால் எரியும் சிவப்பு விளக்கின் ரிலே அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஆகவே பின் ஒரு டிரான்சிஸ்டரைத் தூண்டுகிறது, டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கிறது, ரிலே விளக்கைப் போடுகிறது.

வோல்டேஜ் ஏறி இறங்குவதை அளவாகச் சொல்லும் சென்சார் என்றால் இந்த 40 பின்களில் நேரடி வழி இல்லை. இருக்கிறது, இல்லை என்ற இரண்டு மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் என்ற இன்னொரு போர்டில் அப்படி அளக்கும் ஏழு பின்கள் உண்டு, அவையும் 1.8 வோல்ட்வரைதான். இங்கே தனியாக ஒரு சில்லை வைத்து அளக்கிறார்கள். மின்சார மீட்டர் மட்டும் ஆர்எஸ்-485 வழியாக வருகிறது. முறுக்கிய இரண்டே வயர்கள். இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். வாங்கும் சில்லு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர்வரை போகும். ஷெட்டின் மூலையிலுள்ள மீட்டருக்கு அது தாராளம்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டறைக்காரரின் பாடம். "இனி அம்மிணி சொல்லும்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். புரோகிராம் எழுதும் பெண் போர்டை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார்.

அடியில், ஓரத்தில் ஒரு தகரக் கூடு. அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. இயங்குதளம், புரோகிராம், கணக்கு எல்லாம் சாதாரணமாக அதில்தான். "சார், இதைப் பாருங்க" என்று ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே பதினைந்து இருபது கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் எழுதிய தேதி. எல்லாம் ஷெட்டுகளிலிருந்து செத்துத் திரும்பியவை.

அவர்கள் முதலில் மாட்டிய பெட்டி மூன்றாவது மாதத்தில் எழவில்லையாம். நாற்பது கிலோமீட்டர் போய்ப் பார்த்தால் பின், சென்சார், மீட்டர் எல்லாம் சரி. கார்டு மட்டும் படிக்கவில்லை. காரணத்தை அவர் கணக்காகவே போட்டுக் காட்டினார். தறி நிமிடத்துக்கு 180 சுற்று, அதாவது நொடிக்கு 3. ஒரு பெட்டிக்கு 12 தறி. நொடிக்கு 36 பதிவு. மணிக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம். அத்தனையையும் உடனுக்குடன் கார்டில் எழுதினார்கள். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே திருத்தி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே மறுபடி எழுதலாம். ஆகவே நாலு எழுத்தை மாற்றவும் பக்கத்திலுள்ளதையெல்லாம் இடம் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு தொகுதியும் இத்தனை முறைதான் அழித்தலைத் தாங்கும் என்ற ஆயுள் உண்டு. அந்த ஆயுள் மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது. அப்படி இடம் மாற்றும் நேரத்தில் கரண்ட் போனால் இன்னும் மோசம். நாம் எழுதாத ஃபைலும் சேர்ந்து கெடும்.

இப்போது கார்டைப் பூட்டிவிட்டார்கள். இயங்குதளம் அதிலிருந்து படிக்கும், எழுதாது. நாள் கணக்கு நீல யூஎஸ்பியில் மாட்டிய சின்ன எஸ்எஸ்டிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் கரண்ட் போனால்? அதற்கு 3, 5 எண் பின்களில், ஐ2சி என்னும் இரண்டு வயர் பாதையில் எஃப்ரேம் என்ற ஒரு சில்லை மாட்டியிருக்கிறார்கள். கொள்ளளவு வெறும் 32 கிலோபைட். ஆனால் அழித்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லாத நினைவகம். ஒரு லட்சம் கோடி முறைவரை எழுதலாம். ஒவ்வொரு சுற்றும் முதலில் அங்கே பதிகிறது.

இன்னொரு பின்னை 24 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்கவே வைத்திருக்கிறார்கள். அது விழுந்த கணமே போர்டு தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளத் தொடங்கும். மூடி முடியும்வரை ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் தாங்கும். சேமிப்பைக் காப்பாற்றுவதும் கடைசியில் ஓரத்திலுள்ள ஒரு பின்தான்.

"நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்றார். நான் மறுபடி ஸ்குரூடிரைவரைக் காட்டத் தொடங்கினேன். திரையில் 12 விழுந்ததும் அவர் பிளக்கைப் பிடுங்கினார். போர்டு வேலை செய்வதைக் காட்டும் பச்சை விளக்கு படபடவெனத் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. துடிப்பு நின்றது. பக்கத்திலிருந்த சிவப்பு விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத்தான் அணைந்தது. "பச்சை முதல்ல, சிவப்பு அப்புறம். இந்த வரிசை மாறினாத்தான் டப்பாவுக்கு இன்னொரு கார்டு வரும்" என்றார் அவர்.

பிளக்கை மாட்டினார். முக்கால் நிமிடம் காத்திருந்தோம். கீழே லேத் ஓடும் சத்தம். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடி முடிந்து, கடைசி வரியில் எண் வந்து நின்றது.

12.

ஸ்குரூடிரைவரை மறுபடி காட்டினேன். 13.