ஈரசைச் சீர் நான்கு

சென்ற மாதம் கணிதத்துறை மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். முதலாண்டில் என்னிடம் தமிழ் படித்தவள். "ஐயா, ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக வேண்டும். என்னென்ன எழுத வேண்டும்?" என்றாள். தமிழ் வாத்தியாரிடம் வந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வின் தமிழ்ப் பகுதியைச் சனிக்கிழமைகளில் நான் சொல்லித்தருவது கல்லூரியில் பலருக்கும் தெரியும்.

ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். கணிதத்தில் இளநிலைப் பட்டம். அதன்மேல் பி.எட்.; முன்பு ஓராண்டு, 2015 முதல் இரண்டாண்டு. பிறகு தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், 150 வினாக்கள். உளவியலுக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, எஞ்சிய 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும். அதில் தேறினாலும் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராவதற்கு இன்னொரு போட்டித் தேர்வு. அங்கே என் கை நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே போல் ஒரு தாளில் என் தங்கைக்கும் எழுதிக் கொடுத்தவன் நான்.

அவள் 2004 இல் பி.எட். முடித்தாள். எம்.எஸ்ஸி. படித்து மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாமா என்று கேட்டாள். "எதற்கு? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவை, மூப்பு வந்தால் தானாக வேலை வரும்" என்றேன். அன்று என் நம்பிக்கை அதுதான். வீட்டில் ஒருவர் கூலியில்தான் மற்றவர் படிக்க முடியும் என்ற நிலையும் இருந்தது. நான் அப்போது ஆய்வு மாணவன். அவள் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பித்தாள்.

அவள் முறை நெருங்கும்போது வழியே மாறிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தேர்வு. ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்கள். எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அவளும் தேறவில்லை. கணக்கில் அல்ல, தமிழில் கோட்டைவிட்டிருந்தாள். அண்ணன் தமிழ் வாத்தியார்!

மறு ஆண்டுத் தேர்வுக்கு இரவுகளில் நான் அவளுக்கு யாப்பு நடத்தினேன். நேர், நிரை என்று இரண்டே அசை என்றேன். ஈரசைச் சீர் நான்கு என்று சொல்லி வாய்பாட்டை எழுதப் போனபோது தடுத்தாள். "இரு அண்ணா. இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு. நான்குதானே வரும்? அப்படியானால் மூவசை எட்டு, நாலசை பதினாறு. இதை ஏன் மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள்?" அத்தனை ஆண்டுகள் வாய்பாடாகவே ஒப்பித்திருந்த எனக்கு, அவை ஏன் அத்தனை என்பது அன்றுதான் விளங்கியது. நான் படித்த பள்ளியில் இப்படி ஒரு கணக்கு ஆசிரியை இருந்திருந்தால் கணக்குக்கு அஞ்சித் தமிழுக்கு ஓடி வந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. தமிழுக்கு வந்ததில் வருத்தமில்லை, ஓடி வந்ததில்தான்.

2013 இல் அவள் தேறினாள். ஆனால் நியமனத்துக்குத் தேர்ச்சி மட்டும் போதவில்லை. தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று கூட்டிப் பட்டியலிட்டார்கள். அவள் பிளஸ் டூ முடித்தது 2000 இல். பத்தாண்டு பின்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்ட மதிப்பெண்கள் அவள் காலத்தில் கிடையா. "வேறு வேறு அலகில் இருப்பவற்றை அப்படியே கூட்டக்கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. அந்த முறை 2018 இல் கைவிடப்பட்டுப் போட்டித் தேர்வு வந்தது. ஏழாண்டு மட்டுமே செல்லுபடியாகும் என்றிருந்த தேர்ச்சிச் சான்றிதழை 2021 இல் ஆயுளுக்கும் நீட்டினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தப் போட்டித் தேர்வை, தன்னிடம் படித்த பெண்ணோடு ஒரே அறையில் அமர்ந்து எழுதினாள். மாணவிக்கு வேலை கிடைத்தது. அவள் இன்னும் அதே தனியார் பள்ளியில் இருக்கிறாள்.

அன்று எம்.எஸ்ஸி. படி என்று சொல்லியிருந்தால்? இந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாதி எழுதிய தாளோடு அந்த மாணவியை ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். தாளை வாங்கிப் பாராமலே கேட்டாள்: "ஓர் எண்ணைச் சுழியால் ஏன் வகுக்கக்கூடாது? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லு." பெண் தடுமாறினாள். பிறகு, பன்னிரண்டு மாம்பழத்தை எடுத்துக்கொண்டாள்; மூன்று மூன்றாக எடுத்தால் நான்கு முறையில் கூடை காலியாகும், ஒன்றுமே எடுக்காமல் எத்தனை முறை கைவிட்டாலும் காலியாகாது என்றாள். தங்கையின் முகம் மலர்ந்தது.

அதன் பிறகே தாளைப் படித்தாள். போட்டித் தேர்வுக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்தாள். ஒன்று: 'முடிந்தால் எம்.எஸ்ஸி.யும் படி.' அதை எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. மற்றொன்று: 'காத்திருக்கும் நாளிலும் வகுப்பு எடுப்பதை விட்டுவிடாதே.'